ஆம்பூர் பிரியாணிக்கு எந்த ஒயின்? வடையிலிருந்து மக்கன் பேடா வரை

இறைச்சிக்குச் சிவப்பு ஒயின், மீனுக்கு வெள்ளை ஒயின். இந்த ஒரு வரியை எங்கோ கேட்டு மனதில் வைத்துக்கொண்டு, மட்டன் பிரியாணிக்குப் பக்கத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கிய கேபர்னே சோவிஞான் என்ற சிவப்பு ஒயின் பாட்டிலைத் திறக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. இரண்டாவது வாய் சோற்றிலேயே நாக்கு எரியும், ஒயின் கசக்கும், விருந்தாளி மரியாதைக்காகக் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணால் தண்ணீரைத் தேடுவார். பிரியாணியும் நல்லது, ஒயினும் நல்லது, சேர்த்ததுதான் தப்பு.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இந்தப் பேச்சு வருவதற்குக் காரணம் இருக்கிறது. தோலும் ஷூவும் வாங்க இத்தாலி, ஜெர்மனி என்று ஆட்கள் வருகிறார்கள், வந்தவரை ஒரு நாளாவது வீட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு போடாவிட்டால் நமக்கு மனசு ஆறாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது ஏர்போர்ட்டில் ஒரு பாட்டில் வாங்கி வருகிறார்கள், அது பீரோவில் ஒரு வருஷம் தூங்குகிறது. அப்புறம் ஒரு நாள் அதைத் திறக்கலாம் என்று தோன்றும்போது எதோடு திறப்பது என்று தெரிவதில்லை. ஒயினுக்காக நம் சாப்பாட்டை மாற்ற வேண்டாம், பாஸ்தா செய்யப் போக வேண்டாம். நம் சாப்பாட்டுக்கு எது சேரும் என்று மட்டும் பார்ப்போம். குடிக்காதவர்கள், குடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னவர்கள், 21 வயது ஆகாதவர்கள் இதைப் படித்துவிட்டுப் பிரியாணியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அவர்களுக்குத்தான் லாபம்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நம் ஊர்ச் சாப்பாட்டில் கறியைப் பார்த்து ஒயின் எடுக்காதீர்கள், காரத்தைப் பார்த்து எடுங்கள்.

ஏன் என்று கேட்டால், தோல் ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சிவப்பு ஒயினில் டானின் என்று ஒன்று இருக்கிறது, திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. குரோம் பதனிடுதல் பரவுவதற்கு முன்னால் நம் ஊர்த் தொட்டிகளில் ஆவாரம் பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்களே, அந்தப் பட்டையில் இருப்பதும் இதே குடும்பம்தான். அங்கே டானின் தோலில் உள்ள புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது. வாயில் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிக்கிறது, அதனால் நாக்கு வழுவழுப்பு போய்ச் சொரசொரவென்று ஆகிறது. பச்சை வாழைக்காயைக் கடித்தால் வரும் அதே துவர்ப்பு. கொழுப்புள்ள கறியோடு, உப்போடு, காரமில்லாமல் சாப்பிடும் வெள்ளைக்காரர் சாப்பாட்டில் இந்தத் துவர்ப்பு வாயைச் சுத்தம் செய்து கொடுக்கும், அதனால்தான் அவர்கள் மாட்டிறைச்சி ஸ்டேக்கோடு கேபர்னே குடிக்கிறார்கள். மிளகாய் ஏற்கெனவே எரித்துவிட்ட நாக்கில் அதே துவர்ப்பு விழுந்தால் எரிச்சலும் கசப்பும்தான் மிச்சம்.

இரண்டாவது எதிரி ஆல்கஹால். மிளகாயின் காப்சைசின் நாக்கில் போய்த் தட்டுவது சூட்டை உணரும் ஒரு ஏற்பியை. வழக்கமாக 42 டிகிரி வாக்கில்தான் அது விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அது 34 டிகிரி வாக்கிலேயே விழித்துக்கொள்கிறது என்று 2002ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது உங்கள் உடம்புச் சூடே அதற்குச் சுடும். அதனால் 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் காரத்தை ஏற்றிவிடும், 9 சதவீதம் உள்ளது அவ்வளவு ஏற்றாது. பாட்டிலை வாங்கும்போது பிராண்டைப் பார்ப்பதற்கு முன்னால் லேபிளின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அந்தச் சதவீதத்தைப் பாருங்கள். காரச் சாப்பாடு என்றால் 12க்குக் கீழே இருந்தால் நல்லது, 13ஐத் தாண்டினால் யோசியுங்கள்.

காரத்தை அடக்குவது இனிப்பும் குளிர்ச்சியும். அதனால்தான் இந்த வழிகாட்டி முழுக்க லேசாக இனிக்கிற, நன்றாகக் குளிர்ந்த ஒயின்களே திரும்பத் திரும்ப வரும். ஒயின் தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ளும் சிலருக்கு இனிப்பு ஒயின் என்றாலே இளக்காரம். அவர்கள் முன்னால் ஆம்பூர் பிரியாணியை வைத்து இனிப்பில்லாத ஒரு டிரை ஒயினையும் ஒரு இனிப்பு ஒயினையும் ஊற்றிக் கொடுங்கள், பத்து நிமிஷத்தில் எந்தக் கிளாஸ் காலியாகிறது என்று தெரிந்துவிடும். அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் ஆங்கிலோ இந்தியன் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடும் வழக்கம் உண்டு, நன்றாக இனிக்கும். அந்த வீட்டுக் காரக்குழம்புக்கு அது சரியாகப் பொருந்துவதற்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை.

புளிப்புக்கு ஒரு சட்டம், இனிப்புக்கு ஒரு சட்டம், அவ்வளவுதான் மிச்சம். சாப்பாடு எவ்வளவு புளிக்கிறதோ அந்த அளவாவது ஒயின் புளிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். சாப்பாடு எவ்வளவு இனிக்கிறதோ அதைவிட ஒயின் அதிகம் இனிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் புளித்தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல், நம் வீட்டில் பந்தி என்றால் எல்லாம் ஒரே இலையில் ஒரே நேரத்தில் வந்துவிடும். வெள்ளைக்காரர் ஊர் மாதிரி ஒன்று முடிந்து ஒன்று வருவதில்லை. ஒயினோடு விருந்து வைக்கிறீர்கள் என்றால் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பிரித்துப் பரிமாறுங்கள்: கொறிக்க ஒன்று, மீன், பிரியாணி, இனிப்பு. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விருந்தாளி உட்கார்ந்த உடனே இலையில் பிரியாணி விழுந்துவிடும், கூடவே இரண்டாவது முறையும் விழும்.

வந்தவுடன்: வடை, சிக்கன் 65

எண்ணெயில் பொரித்தது, உப்பு போட்டது எதுவானாலும் அதற்கு நுரைக்கும் ஒயின்தான். மெதுவடை, கீரை வடை, வறுத்த வேர்க்கடலை, முறுக்கு, உருளைக்கிழங்கு சிப்ஸ் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். அதில் உள்ள புளிப்பும் குமிழும் எண்ணெய்ப் பிசுக்கை வாயிலிருந்து கழுவிவிடும், உப்பு ஒயினை இன்னும் நன்றாகக் காட்டும். நாசிக்கில் செய்யும் சுலா பிரூட், ஷாந்தோன் பிரூட் இரண்டும் இந்த வேலைக்குத் தாராளம். ஷாம்பெயின் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அதையும் வடையோடு தயங்காமல் திறங்கள்.

இத்தாலியிலிருந்து வருகிறவர் பிரோசெக்கோ என்ற அந்த ஊர் நுரை ஒயின் கொண்டு வந்தால் லேபிளில் ஒரு வேடிக்கை இருக்கும். எக்ஸ்ட்ரா டிரை என்று போட்டிருப்பது பிரூட்டைவிட இனிப்பு அதிகமானது. பிரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை, எக்ஸ்ட்ரா டிரையில் 12லிருந்து 17 கிராம் வரை. வடைக்குப் பிரூட், சிக்கன் 65க்கு எக்ஸ்ட்ரா டிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கன் 65 ரொம்பக் காரமாக இருந்தால் குமிழே நாக்கைக் குத்தும், கரியமில வாயுவுக்கு வலி நரம்பைத் தூண்டும் குணம் உண்டு. சிலருக்கு அந்தச் சுருக் பிடிக்கும். பிடிக்காதவருக்குக் காரம் குறைத்து ஒரு தட்டு தனியாகப் பொரித்து வையுங்கள்.

வாழைப்பூ வடை போட்டால் சிவப்பு ஒயின் பக்கமே போகாதீர்கள், துவர்ப்போடு துவர்ப்பு சேரும்.

சூப்

ஆட்டுக்கால் சூப்புக்கு ஒயின் வேண்டாம். ஒரு கையில் சுடச்சுட மிளகுத் தண்ணீர், இன்னொரு கையில் குளிர்ந்த ஒயின் என்று இரண்டு திரவத்தை மாற்றி மாற்றிக் குடிப்பதில் ஒரு சுகமும் இல்லை. ரசத்துக்கும் இதே பதில். ஸ்பெயின் பக்கத்து டிரை ஷெர்ரி ஒயின் சூப்போடு போகும் என்பது உண்மைதான், ஆனால் அதைத் தேடி அலைவதற்கு ஆட்டுக்கால் நல்லதாகத் தேடலாம்.

மீன்

வேலூருக்குக் கடல் இல்லை, சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் வஞ்சிரத்தைவிட நம் ஏரி மீனுக்கு ருசி அதிகம் என்பது என் கட்சி. காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் கிடைக்கும் விராலோ கெண்டையோ, மசாலா தடவித் தோசைக்கல்லில் வறுத்து எலுமிச்சை பிழிந்து கொடுத்தால் அதற்கு சோவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். எலுமிச்சைக்கு ஈடு கொடுக்கிற புளிப்பு அதில் இருக்கிறது, பச்சைப் புல், பச்சைமிளகாய்த் தோல் மாதிரி ஒரு வாசனை இருப்பதால் கொத்தமல்லியோடும் சண்டை போடாது. ஏரி மீனில் லேசான சேற்று வாடை உண்டு, அதையும் இந்தப் புளிப்பு அடக்கிவிடும். நம் நாட்டு ஒயின் கம்பெனிகளான சுலாவிலும் குரோவரிலும் சோவிஞான் பிளாங்க் இருக்கிறது, நியூசிலாந்துப் பாட்டில் கிடைத்தால் இன்னும் தூக்கலாக இருக்கும்.

மீன் குழம்பு வேறு கதை. புளியும் காரமும் ஒன்றாக வருவதால் சோவிஞான் பிளாங்கின் புளிப்பு மட்டும் போதாது, கொஞ்சம் இனிப்பும் வேண்டும், ஆகவே லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். குழம்பை முதல் நாளே வைத்துவிட்டால் புளி அடங்கி எல்லாம் இன்னும் சுலபமாகும், மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று தெரியாதவரா நீங்கள்.

மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் இரும்பு வாடை, பழைய மீன் நாற்றம் வருகிறதே, அது பிரமை இல்லை. ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து செய்யும் வேலை என்று 2009ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். எல்லாச் சிவப்பு ஒயினிலும் இரும்பு ஒரே அளவில் இருக்காது, அதனால் சில நேரம் தப்பிக்கலாம். வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது எதற்கு அந்தச் சூதாட்டம்.

பிரியாணியும் கத்தரிக்காயும்

இதுதான் விருந்தின் நடு. ஆம்பூர் பிரியாணி ஹைதராபாத் பிரியாணி மாதிரி கரம் மசாலா வாசனையில் நிற்பதில்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, தயிர், புதினா, கொத்தமல்லி, சீரகச் சம்பா அரிசி, மட்டன், விறகடுப்பு, மூடிமேல் தணல். பட்டை, கிராம்பு அடக்கமாகத்தான் இருக்கும். எனவே ஒயின் சமாளிக்க வேண்டியது மூன்று: மிளகாய் விழுதின் காரம், மட்டன் கொழுப்பு, கூட வரும் கத்தரிக்காயின் புளியும் எண்ணெயும். வேலூர் மாவட்டம் இலவம்பாடி முள் கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள், 2023ல் புவிசார் குறியீடு வாங்கியது, சதைப்பற்றும் ருசியும் தனி. ஒயினுக்கு அது கஷ்டம் கொடுக்கும், பரவாயில்லை.

முதல் விருப்பம் ரீஸ்லிங், லேசாக இனிக்கிற ரகம். ஜெர்மனிக்காரர் வருகிறார் என்றால் அவரிடமே கேளுங்கள், சந்தோஷமாகக் கொண்டு வருவார். லேபிளில் டிராக்கன் என்று இருந்தால் இனிப்பு இல்லாதது, அது நமக்கு வேண்டாம். கேபினெட் என்று மட்டும் இருந்து ஆல்கஹால் 8, 9 சதவீதம் என்று போட்டிருந்தால் அதுதான் நம் ஆள், புளிக்காமல் தங்கிய திராட்சைச் சர்க்கரை உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். புளிப்பு கத்தரிக்காயைச் சமாளிக்கும், இனிப்பு மிளகாயை அடக்கும், குறைந்த ஆல்கஹால் நெருப்பில் எண்ணெய் ஊற்றாது. ஒரே பாட்டிலில் மூன்று வேலை.

இங்கேயே கிடைப்பதில் சுலாவின் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை எடுங்கள், லேசான இனிப்போடு செய்கிறார்கள், ரீஸ்லிங் அளவுக்குக் கூர்மை இல்லாவிட்டாலும் பிரியாணியோடு நன்றாகப் போகும். அதுவும் இல்லையென்றால் ரோசே என்ற இளஞ்சிவப்பு ஒயின். சிவப்பு ஒயினின் பழ வாசனை கொஞ்சம் இருக்கும், டானின் ஏறக்குறைய இருக்காது, நன்றாகக் குளிர வைத்துக் குடிக்கலாம். கத்தரிக்காய்த் தொக்குக்கு ரோசேவைப் போல ஒத்துப்போவது வேறு ஒன்றும் இல்லை என்றே சொல்வேன்.

சிவப்புதான் வேண்டும், வெள்ளை ஒயினை ஒயினாகவே மதிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மாமா எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. அவருக்கு லம்புரூஸ்கோ. இத்தாலியில் எமிலியா ரொமாஞ்யா பகுதியில் செய்யும் சிவப்பு ஒயின், நுரைக்கும், குளிர வைத்துத்தான் குடிப்பார்கள், அமாபிலே என்று லேபிளில் இருந்தால் மிதமாக இனிக்கும். அந்த ஊர்க்காரர்கள் கொழுப்புள்ள பன்றி இறைச்சியோடு இதைக் குடிக்கிறார்கள், மட்டன் கொழுப்பையும் அதே மாதிரி வெட்டும். இத்தாலிக்காரர் விருந்துக்கு வந்தால் பிரியாணியோடு லம்புரூஸ்கோவை வைத்துப் பாருங்கள், ஆள் கொஞ்சம் ஆச்சரியப்பட்டுவிட்டு இரண்டாவது தட்டு கேட்பார். அது கிடைக்காதபோது பினோ நுவார், பிரான்ஸின் போஜோலே மாதிரி மெல்லிய சிவப்பை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுக்கலாம். ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறிய ரிசர்வ் பாட்டிலைத் தயவுசெய்து பிரியாணிக்குத் திறக்காதீர்கள், அதற்கு வேறு இடம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

வெங்காயத் தயிர்ப் பச்சடியைக் குறைக்காதீர்கள். காப்சைசின் தண்ணீரில் கரையாது, ஒயினில் உள்ள கொஞ்சம் ஆல்கஹாலிலும் பெரிதாகக் கரைவதில்லை, பால் புரதம்தான் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஒரு வாய் பிரியாணி, ஒரு வாய் பச்சடி, அப்புறம் ஒரு மிடறு ஒயின். இந்த வரிசையில் போனால் ஒயினின் ருசி கடைசி வரை தெரியும். ஊறுகாயை மட்டும் அந்த இலையில் வைக்காதீர்கள், அது எந்த ஒயினையும் கொன்றுவிடும்.

ஒரு சங்கதியை இங்கே சொல்லியாக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடியில் இந்தப் பிரியாணியை வளர்த்தெடுத்த வீடுகள் பெரும்பாலும் மது தொடாத வீடுகள். அங்கே தாவத் என்னும் விருந்துக்கு அழைத்தால் பிரியாணியும் பிரெட் அல்வாவும் போதும், ஒயின் பேச்சே வேண்டாம். ஹோட்டலில் உட்கார்ந்து பையிலிருந்து பாட்டிலை எடுப்பதும் கூடாது. பார்சல் வாங்கி உங்கள் வீட்டில் வைத்து உங்கள் விருந்தை நடத்துங்கள்.

மிளகுக்கறி மட்டும் விதிவிலக்கு

அந்த ரிசர்வ் பாட்டிலுக்கு இடம் இருக்கிறது என்றேனே, அது மிளகு போட்ட மட்டன் சுக்கா. மிளகாயை விட்டுவிட்டு, மிளகும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் மட்டும் போட்டுச் சுருளச் சுருள வறுத்த கறிக்கு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பிரமாதம். ஷிராஸில் சில நேரம் மிளகு வாசனை வரும். ரொட்டன்டோன் என்ற ஒரு பொருள்தான் அதற்குக் காரணம் என்று 2008ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சொன்னார்கள், அதே பொருள்தான் நிஜ மிளகிலும் இருக்கிறது. மிளகின் காரம் பைப்பரின் என்ற வேறு பொருளால் வருவது, மிளகாய் அளவுக்கு எரிக்காது, சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் டானின் தாங்கும். சுலாவின் திண்டோரி ரிசர்வ் ஷிராஸ், நந்தி மலைப் பக்கத்து குரோவரின் லா ரிசர்வ், மகாராஷ்டிராவில் அக்லூஜ் பக்கத்து ஃபிரடெல்லி செட்டே, எது கையில் இருந்தாலும் இதற்குத் திறக்கலாம். ஆனால் சுக்காவில் ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டால்தான் எனக்குத் திருப்தி என்று யாராவது கை வைத்தால் கதை முடிந்தது, பாட்டிலை மூடிவிட்டு ரீஸ்லிங்குக்குத் திரும்புங்கள்.

இதைப் பிரியாணிக்கு முன்னாலோ பின்னாலோ எப்போது கொடுப்பது? முன்னால் கொடுங்கள். வெள்ளைக்கு அப்புறம் சிவப்பு, லேசானதற்கு அப்புறம் கனமானது என்பது பொதுவான வரிசை, நமக்கு அது சரிப்படாது. மிளகாய் ஒரு முறை நாக்கைப் பிடித்துவிட்டால் அப்புறம் நல்ல ஷிராஸ் வீண்.

சைவ விருந்து என்றால்

சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் மீன் குழம்புக்குச் சொன்ன அதே ரீஸ்லிங். மோர்க்குழம்பு, தேங்காய் அரைத்த கூட்டு, அவியல் மாதிரி மிதமானவற்றுக்கு ஷெனின் பிளாங்க். பன்னீர் பட்டர் மசாலா போல வெண்ணெயும் தக்காளியும் உள்ளதற்கு ரோசே. பாகற்காய்க்கு எதுவும் சேராது. தயிர் சாதம் வந்துவிட்டால் கிளாஸை நகர்த்தி வைத்துவிடுங்கள், அதற்கு மேல் எந்த ஒயினும் தேவையில்லை.

மக்கன் பேடா

ஆற்காடு மக்கன் பேடா சாதாரணமாக விடுகிற இனிப்பா? கோவா, மைதா, உள்ளே முந்திரி, பாதாம், சாரைப்பருப்பு, நெய்யில் பொரித்துப் பாகில் ஊறப் போட்டது. இதோடு வழக்கமான ஒயின் எதைக் குடித்தாலும் வினிகர் மாதிரி இருக்கும். மேலே சொன்ன இனிப்புச் சட்டம் இங்கேதான் கறாராக வேலை செய்கிறது. கொடியிலேயே திராட்சையைக் கூடுதல் நாள் விட்டுச் சர்க்கரை ஏற்றிப் பறித்துச் செய்யும் லேட் ஹார்வெஸ்ட் ஒயின்தான் இதற்கு. சுலாவில் ஷெனின் பிளாங்கில் இப்படி ஒன்று இருக்கிறது, சின்ன பாட்டில். பிரான்ஸின் சோட்டெர்ன் என்ற இனிப்பு ஒயின் கிடைத்தால் அதிர்ஷ்டம். திராட்சையை வெயிலில் காயவைத்துச் செய்யும் பெத்ரோ ஹிமேனேஸ் என்ற ஸ்பெயின் ஷெர்ரி இருக்கிறது, கருப்பட்டிப் பாகு நிறத்தில், அதுதான் மக்கன் பேடாவை இனிப்பில் ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள். ஆளுக்கு 50 மில்லி போதும்.

பாகு இல்லாத பால்கோவாவோ பழமோ என்றால் மோஸ்கட்டோ டி'ஆஸ்டி எடுக்கலாம். ஆல்கஹால் 5 சதவீதம் சுற்றித்தான், லேசாக நுரைக்கும், பன்னீர்த் திராட்சை வாசனை தூக்கும். தூக்காமல் என்ன செய்யும், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சையே மஸ்கட் குடும்பம்தான், மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். குடிக்கப் பழகாதவர்கள் இருக்கும் கூட்டத்தில் இந்த ஒரு பாட்டில் எல்லாருக்கும் பிடிக்கும்.

வேலூர் வெயிலும் ஐஸ் வாளியும்

சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் பரிமாறுங்கள் என்று எழுதினவர்கள் ஐரோப்பாவின் கல் வீட்டில் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்கள் சொல்வது 16, 18 டிகிரி. மே மாதம் சத்துவாச்சாரியில் உங்கள் ஹால் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும், வெளியே 40ஐத் தாண்டும். சூடான சிவப்பு ஒயினில் ஆல்கஹால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். அதனால் சிவப்பையும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளையும் ரோசேயும் இரண்டு மூன்று மணி நேரமாவது உள்ளே இருக்கட்டும், 8லிருந்து 12 டிகிரிக்குள் வர வேண்டும். நுரைக்கும் ஒயின் இன்னும் குளிர்ச்சியாக, 6லிருந்து 8. குளிராத நுரை ஒயினைத் திறந்தால் பாதி உத்தரத்தில்தான் இருக்கும்.

அவசரமா? ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. பாட்டிலைக் கழுத்துவரை முக்குங்கள், 20 நிமிஷத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைச் சுற்றிக் காற்று நிற்கும், நேரமாகும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பாட்டில் வெடிக்கும். சாப்பிடும் நேரம் முழுக்க அந்த வாளி மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், கரண்ட் போனாலும் கவலை இல்லை.

கிளாஸ் விஷயத்தில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். தண்டு வைத்த சாதாரண ஒயின் கிளாஸ் ஒரே மாதிரி ஆறு வாங்கினால் எல்லாவற்றுக்கும் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், வாசனைக்கு இடம் வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் வாசனை தெரியாது. நாம் வலது கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள், கிளாஸை இலைக்கு இடப்பக்கம் வையுங்கள், இல்லையென்றால் தண்டு முழுக்க நெய்யும் மசாலாவும்தான். அன்றைக்கு ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

750 மில்லி பாட்டிலில் முழு கிளாஸாக ஐந்துதான் வரும். நான்கு வகை ஒயின் கொடுப்பதாக இருந்தால் முழு கிளாஸ் கொடுக்கக் கூடாது, ஆளுக்கு 100 மில்லி ஊற்றினால் ஒரு பாட்டில் ஏழு பேருக்கு வரும். ஆறு பேர் விருந்துக்கு வகைக்கு ஒரு பாட்டில் என்று கணக்கு வையுங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் இரண்டே பாட்டில்: வடைக்கும் மீனுக்கும் ஒரு பிரூட், பிரியாணிக்கு ஒரு ஷெனின் பிளாங்க் அல்லது ரீஸ்லிங். ஒரே ஒரு பாட்டில்தான் என்றால் ரோசே.

வாங்குவது

டாஸ்மாக்கின் எலைட் கடைகளில்தான் ஓரளவு வகை பார்க்க முடியும், கேட்டதே கிடைக்கும் என்று போகாதீர்கள், இருப்பதில் எது பொருந்தும் என்று பாருங்கள். எந்தக் கடையானாலும் ஜன்னல் வெயில் படும் அலமாரிப் பாட்டில் வேண்டாம். கார்க் மேலே தள்ளிக்கொண்டிருந்தாலோ கழுத்தில் ஒழுகிய கறை இருந்தாலோ அது சூட்டில் வெந்த பாட்டில். வெள்ளையும் ரோசேயும் லேபிளில் உள்ள வருஷம் இரண்டு வருஷத்துக்குள் இருந்தால் நல்லது, பழையது என்றால் உசத்தி என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது. திருகு மூடி பார்த்து மட்டம் என்று நினைக்காதீர்கள், நம் வெயிலுக்குக் கார்க்கைவிட அது பத்திரம், திறப்பான் தேட வேண்டியதும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஒருவர் 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லாமல் கொண்டு வரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. ஒன்று ரீஸ்லிங், ஒன்று இனிப்பு ஒயின் என்று சொல்லி அனுப்புங்கள், இங்கே கிடைக்காதது அதுதான். பெங்களூருவிலிருந்தோ சித்தூர் வழியாகவோ காரில் பெட்டியோடு வாங்கி வரலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள், வெளி மாநில மதுவுக்கு இங்கே கட்டுப்பாடு உண்டு, எல்லைச் சோதனைச்சாவடிகளில் பார்க்கிறார்கள்.

விருந்து முடிந்து யாரும் வண்டி எடுக்க வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே குற்றம், நான்கு வகை ருசி பார்த்தவர் சுலபமாக அதைத் தாண்டியிருப்பார். ஆட்டோவோ டாக்ஸியோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பாயை விரித்துப் போடுங்கள்.

மீந்த ஒயினை மூடியைத் திருகி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வைத்தால் வெள்ளை, சிவப்பு இரண்டும் மூன்று நான்கு நாள் தாங்கும். நுரைக்கும் ஒயின் மறுநாளே நுரை இழந்துவிடும். லேட் ஹார்வெஸ்டும் ஷெர்ரியும் வாரக்கணக்கில் இருக்கும், மக்கன் பேடா டப்பா காலியாகும் வரை தாராளமாக வரும்.